கண்ணுக்குள் உறுத்தும் அழகு

மூக்குக்கண்ணாடியை மறைக்க வந்தது காண்டாக்ட் லென்ஸ். அது தரும் வலியையும் சேர்த்து மறைக்கும்போதுதான் ஆபத்து ஆரம்பமாகிறது.

2003 ஜனவரி. தில்லி கரோல் பாகில் இரண்டாவது மாடி வீட்டின் கூடம். சோபாவில் பிள்ளை வீட்டார் ஐந்து பேர். பெண் காபித் தட்டோடு வருகிறாள். அவள் இடது கண்ணிலிருந்து நீர் வழிகிறது. 'பெண்ணுக்கு ரொம்பக் கூச்ச சுபாவம் போல' என்று நெகிழ்ந்துபோகிறார் பிள்ளையின் அம்மா. கண்ணீருக்குக் காரணம் கூச்சம் அல்ல, கண்மை. லென்ஸுக்கு அடியில் ஒரு துளி மை மாட்டிக்கொண்டு, மணல் போல அரைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் இந்தக் கட்டுரையாளர்தான். மைனஸ் ஆறு பவர். பள்ளிக்கூடத்தில் 'சோடாபுட்டி' என்ற பட்டப்பெயர். பெண் பார்க்க வருவதற்குப் பதினைந்து நாட்கள் முன்புதான் லென்ஸ் வாங்கியிருந்தது. தட்டைக் கீழே போடாமல் காபி கொடுத்து முடித்ததே பெரிய காரியம். லென்ஸ் ஓரமாக ஒதுங்கிவிட்டதால், இடது கண்ணுக்கு மாப்பிள்ளை ஒரு வெளிர்நீலச் சட்டையாக மட்டுமே தெரிந்தார். உள்ளே ஓடிப்போய் "எரியுதும்மா" என்றபோது அம்மா சொன்னார்: "அவங்க போற வரைக்கும் பொறுத்துக்கடி."

காண்டாக்ட் லென்ஸ் அணியும் பலரின் கதை இந்த ஒரே சொல்லில் அடங்கிவிடும்: பொறுத்துக்கொள்வது. கல்யாணம் முடியும் வரை, நேர்முகத் தேர்வு முடியும் வரை, விருந்து முடியும் வரை. சின்ன அவஸ்தைகள் பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்லும் கதைகளாகிவிடுகின்றன. ஆனால் பொறுத்துக்கொள்ளவே கூடாத வலியும் உண்டு. இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல்தான் சிலர் பார்வையை இழக்கிறார்கள்.

பொறுமையின் வரலாறு

இந்தப் பொறுமைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1888-ல் சூரிச்சில் கண் மருத்துவர் அடோல்ஃப் ஃபிக், வெண்விழியையும் சேர்த்து மூடும் கண்ணாடிக் கிண்ணங்களைப் பற்றி எழுதினார். முதலில் முயல்களின் கண்ணில் பொருத்திப் பார்த்தார், பிறகு தன் கண்ணில். கிண்ணத்துக்கும் விழிக்கும் நடுவே திராட்சைச் சர்க்கரைக் கரைசல். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் முல்லர் என்ற மருத்துவ மாணவர், தன்னுடைய கடுமையான கிட்டப்பார்வைக்குத் தானே லென்ஸ் செய்துகொண்டார். கண்ணை மரத்துப்போகச் செய்ய கொக்கெய்ன் விட்டுக்கொண்டும் அரை மணி நேரம்தான் அவரால் அணிய முடிந்தது.

1948-ல் அமெரிக்கர் கெவின் டூஹி, கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸை உருவாக்கினார். கண்ணாடியைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் உறுத்தல் போகவில்லை. அதைப் போக்கியவர் செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்த வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், மகன்களின் விளையாட்டுப் பொருளான மெர்க்கூர் கட்டுமானப் பெட்டியையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் கொண்டு, வீட்டுச் சமையலறையில் அவர் ஒரு சுழலும் இயந்திரம் செய்தார். அதிலிருந்து வந்தவைதான், நீரை உறிஞ்சி ஜெல்லி போல மிருதுவாக இருக்கும் முதல் நல்ல 'சாஃப்ட் லென்ஸ்'கள். 1971-ல் அமெரிக்க அரசு இவற்றின் விற்பனைக்கு அனுமதி அளித்தது. பிறகு 80-களின் கடைசியில் தூக்கியெறியும் லென்ஸ்களும், 90-களின் கடைசியில் காற்றை அதிகம் உள்ளே விடும் சிலிக்கான் ஹைட்ரோஜெல் லென்ஸ்களும் வந்தன.

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பிறகும் ஏன் உறுத்துகிறது? காரணம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. கார்னியா எனப்படும் கருவிழிப் படலத்தின் பருமன் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் ரத்தக் குழாய்களே கிடையாது. இருந்தால் அது கண்ணாடி போலத் தெளிவாக இருக்க முடியாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் கண்ணீர் வழியாக வெளிக்காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. அதே சமயம், உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஒரு தூசு விழுந்தால் உயிர் போவது அதனால்தான். அதன்மேல் ஒரு லென்ஸ் உட்கார்ந்தால், காற்று வரும் வழியும் கண்ணீர் ஓடும் வழியும் கொஞ்சமாவது தடைப்படும். கண் அதைச் சொல்லும் விதம்தான் உறுத்தல்.

மிளகாய், மை, மாமியார்

லென்ஸ்களை உருவாக்கியவர்கள் தில்லியின் தூசையும் நம் சமையலறையையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் ராஜஸ்தான் பக்கமிருந்து புழுதிக்காற்று கிளம்பும். நவம்பரில் புகைமூட்டம். காற்று மாசுக் குறியீடு 400-ஐத் தாண்டும் நாட்களில் வெறும் கண்ணே எரியும். லென்ஸ் போட்ட கண்ணைக் கேட்கவே வேண்டாம். ஏர்கண்டிஷன் அறையில் வேறு பிரச்சினை. சாஃப்ட் லென்ஸ் தன்னுள் நீரை வைத்திருக்கும் பொருள். வறண்ட காற்றில் அந்த நீர் குறைந்து, லென்ஸ் விழியை இறுக்கப் பிடிக்கும். கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதும் வெகுவாகக் குறைகிறது. மாலை நான்கு மணிக்கு அலுவலகக் குளியலறையில் லென்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பிறகு மிளகாய். அதன் காரம் எண்ணெயில் கரைவது, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. பச்சை மிளகாய் நறுக்கிய கையை இரண்டு முறை கழுவினாலும் விரல் நுனியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரவு லென்ஸைக் கழற்றும்போது அது தெரியவரும். காரம் லென்ஸிலும் ஏறிவிட்டால் மறுநாள் காலையிலும் ஒரு முறை தெரியவரும். அனுபவசாலிகள் காலையில் லென்ஸைப் போட்ட பிறகே காய் நறுக்குவார்கள். இரவில் கையைச் சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவாமல் கண்ணைத் தொட மாட்டார்கள். கண்மைக்கும் இதே போல ஒரு வரிசை உண்டு. முதலில் லென்ஸ், பிறகு மை. கழற்றும்போதும் முதலில் லென்ஸ், அப்புறம்தான் மையைத் துடைக்க வேண்டும். பெண் பார்க்கும் அன்று நான் செய்தது நேர்தலைகீழ்.

கல்யாண மேடையில் ஹோமப் புகை என்னைக் கைவிடவில்லை. கண்கள் சிவந்து நீர் வழிந்ததில், பிறந்த வீட்டைப் பிரியும் துக்கம் என்று உறவினர்களும் சேர்ந்து அழுதார்கள். அன்றிரவு லென்ஸ் டப்பா பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. அவசரத்துக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் தண்ணீர் பிடித்து ஆளுக்கொரு லென்ஸாகப் போட்டு சமையலறை மேடையில் ஓரமாக வைத்தேன். விடியற்காலையில் எழுந்த மாமியார், எச்சில் டம்ளர்கள் என்று நினைத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். புது மருமகள் முதல் நாள் காலையில் சோடாபுட்டிக் கண்ணாடியோடு கூடத்துக்கு வந்தாள். மாமியார் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை பாடுபட்டே?" என்றார். அத்தோடு விஷயம் முடிந்தது. பதினைந்து நாள் அவஸ்தைக்கு அவசியமே இருந்திருக்கவில்லை.

லென்ஸ் அணிபவர்கள் கூடினால் இப்படிப்பட்ட கதைகளுக்குப் பஞ்சம் இராது. வலது லென்ஸை இடது கண்ணில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தலைவலியோடு திரிந்தது, உட்புறம் வெளிப்புறமாகப் போட்டது, வாஷ்பேசின் ஓட்டை வழியாக ஒரு லென்ஸ் போய்விட்டது, நீளமாக வளர்த்த நகம் லென்ஸையே கிழித்தது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் லென்ஸைக் கையில் எடுக்கும் முன் வாஷ்பேசினின் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

பயமுறுத்தும் வதந்திகளும் உண்டு. லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய் மூளைப் பக்கம் மாட்டிக்கொள்ளும் என்பார்கள். அது நடக்காது. இமையின் உட்புறத்தையும் வெண்விழியையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு மடிந்து ஒரு பை போல மூடிக்கொள்வதால் அதற்கு மேல் வழியே இல்லை. ஆனால் அந்த மடிப்புக்குள் லென்ஸ் ஒளிந்துகொள்ள முடியும். 2017-ல் பிரிட்டனில் கண்புரை அறுவைக்கு வந்த 67 வயதுப் பெண்மணி ஒருவரின் ஒரே கண்ணில் 27 லென்ஸ்கள் இருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாதாமாதம் மாற்றும் லென்ஸ்களை 35 வருடங்களாக அணிந்தவர் அவர். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வயதும் கண் வறட்சியும் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவரும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அடுப்பு வெப்பத்தில் லென்ஸ் உருகிக் கண்ணோடு ஒட்டிவிடும் என்பது இன்னொரு வதந்தி. ஆரம்ப காலச் சாஃப்ட் லென்ஸ்களை தினமும் சூடாக்கித்தான் கிருமி நீக்கினார்கள். அந்தச் சூட்டைத் தாங்கியது, தோசைக்கல் சூட்டில் உருகிவிடாது.

தண்ணீரில் இருக்கும் எதிரி

டம்ளர் சம்பவத்தில் மாமியார் செய்தது உதவி என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகே புரிந்தது. குழாய்த் தண்ணீரில் ஊறிய அந்த லென்ஸ்களை மறுநாள் அணிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அகந்தமீபா என்ற நுண்ணுயிர் மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக வாழ்வது. சூழ்நிலை சரியில்லாவிட்டால் கெட்டியான கூட்டுக்குள் சுருண்டுகொள்ளும். குடிநீரில் கலக்கும் குளோரினுக்கு அந்தக் கூடு அசையாது. லென்ஸில் ஒட்டிக்கொண்டு விழியில் ஏதாவது கீறல் வழியே நுழைந்துவிட்டால், அதை ஒழிக்க மாதக் கணக்கில் மருந்து விட வேண்டியிருக்கும். 80-களில் அமெரிக்காவில் இந்த நோய் திடீரென்று அதிகரித்தபோது, உப்பு மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் கரைசல் தயாரித்துக்கொண்டவர்களிடம் அது அதிகம் காணப்பட்டது. இந்தியாவில் இந்த நோய் வருபவர்களில் பெரும்பாலோர் லென்ஸே அணியாதவர்கள். அசுத்தமான தண்ணீரும் மண்ணும் கண்ணில் பட்டதே காரணம். மாடித் தொட்டித் தண்ணீரை நம்பி லென்ஸைக் கழுவலாமா என்ற கேள்விக்கு இதுவே பதில். எச்சிலும் அப்படித்தான். சாலையோரம் நின்று லென்ஸை வாயில் போட்டு ஈரப்படுத்தி மாட்டிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அகந்தமீபா அபூர்வம். அதைவிட அதிகம் வருவது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஈரமான இடமெல்லாம் அதற்கு வீடு. கழுவாத லென்ஸ் டப்பா அரண்மனை. ஒரே நாளில் விழிப்படலத்தில் புண்ணை ஆழமாக்கிவிடும் வேகம் அதற்கு உண்டு. கரைசல் இருக்கிறதே என்ற தைரியமும் போதாது. 2006-ல் பிரபலமான ஒரு லென்ஸ் கரைசலைப் பயன்படுத்தியவர்களிடம் பூஞ்சைத் தொற்று பரவியதால், அது உலகம் முழுவதும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பழைய கரைசலைக் கொட்டாமல் அதன்மேலேயே புதிதை ஊற்றும் சிக்கனம் இந்தத் தொற்றுக்குத் துணைபோகும் பழக்கங்களில் ஒன்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, லென்ஸோடு தூங்குவது. இமை மூடியிருக்கும்போது கார்னியாவுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் விழித்திருக்கும்போது கிடைப்பதில் பாதிகூட இல்லை. கண்ணீரும் ஓடாமல் தேங்கிவிடும். 1989-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பகலில் மட்டும் சாஃப்ட் லென்ஸ் அணிபவர்களில் 10,000 பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 4 பேருக்குக் கிருமித் தொற்றால் விழிப்புண் ஏற்பட்டது. இரவிலும் விட்டுவைக்கும் லென்ஸ் அணிந்தவர்களிடம் அது சுமார் 21 பேர். ஐந்து மடங்கு. லென்ஸ்கள் பிறகு எவ்வளவோ மேம்பட்டும், தூங்கும் பழக்கத்தின் ஆபத்து குறையவில்லை.

அந்த நான்கு பேரில் ஒருத்தியாகவோ இருபத்தோரு பேரில் ஒருத்தியாகவோ நான் ஆனது 2009 மே மாதத்தில். ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறைக்காக ஹைதராபாத்துக்கு ரயில். ராத்திரி வெகுநேரம் வரை மேல் பெர்த்தில் படுத்துப் படித்துக்கொண்டிருந்துவிட்டு, ஆடும் ரயிலில் இறங்கிக் கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே தூங்கிப்போனேன். காலையில் வலது கண் சிவந்திருந்தது. ஹைதராபாத்தில் மருந்துக்கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். என்ன அதிசயம், சிவப்பு குறைந்தது. மூன்று நாள் பட்டறையும் நன்றாக முடிந்தது. தில்லி திரும்பிய அன்று வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கருவிழியில் அரிசிக் குருணை அளவு வெள்ளைப் புள்ளி.

அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. வீக்கத்தையும் சிவப்பையும் அது அடக்கும். கூடவே கிருமியோடு போராடும் உடம்பின் சக்தியையும் அடக்கும். வெளியே அமைதி, உள்ளே நாசம். நம் நாட்டில் மருந்துச்சீட்டு இல்லாமலே இதை வாங்கிவிடலாம் என்பது லென்ஸைவிடப் பெரிய அபாயம். டாக்டர் புண்ணைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். லென்ஸையும் டப்பாவையும் கொண்டுவரச் சொன்னார். கிருமி எது என்பதற்குச் சாட்சி பல சமயம் அங்கேதான் கிடைக்கும். இரவும் பகலும் மணிக்கொரு தரம் மருந்து. அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து விட்டவர் அந்த வெளிர்நீலச் சட்டைக்காரர். நான்கு வாரத்தில் புண் ஆறியது. தழும்பு இருக்கிறது. நடுவில் விழாமல் ஓரமாக விழுந்ததால் பார்வை தப்பியது. ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், எழுத்தைப் படித்துப் பிழைக்கும் என் தொழில் என்ன ஆகியிருக்கும்?

அலங்காரமா, மருத்துவமா?

1986-ல் வெளிவந்த 'நகினா' இந்திப் படத்தில் பாம்புப் பெண்ணாக வந்த ஸ்ரீதேவியின் நிறம் மாறிய கண்களை அந்தத் தலைமுறை மறக்காது. இன்று அந்த நிறங்கள் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கின்றன. பழைய தில்லியில் மிர்ஸா காலிப் வாழ்ந்த பல்லிமாரான் தெரு இன்று மூக்குக்கண்ணாடிகளின் மொத்தச் சந்தை. பவர் உள்ளவருக்குக் கண் சோதனை என்ற சடங்காவது உண்டு. பவரே இல்லாமல் பச்சை, நீலம், தேன் நிறம் என்று லென்ஸ் கேட்பவர்களின் விழி வளைவை அளந்து பார்ப்பவர்கள் குறைவு. பொருந்தாத லென்ஸ் விழியைக் கீறும். தோழிகளுக்குள் மாற்றிக்கொண்டால் கிருமியும் மாறும்.

2024 ஜூலையில் தில்லியில் ஒரு நிகழ்ச்சிக்காக லென்ஸ் அணிந்த தொலைக்காட்சி நடிகை ஜாஸ்மின் பாசின், கண்ணில் கடும் வலி எடுத்தும் நிகழ்ச்சி முடியும் வரை சமாளித்ததையும், விழிப்படலம் பாதிக்கப்பட்டதாக மருத்துவர் சொன்னதையும் அவரே வெளியே சொன்னார். மேடை பெரியது, ஆனால் கதை கரோல் பாக் கூடத்துக் கதைதான்.

அமெரிக்காவில் 2005-லேயே அலங்கார லென்ஸ்களையும் சட்டம் மருத்துவச் சாதனமாக்கிவிட்டது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. ஆனால் லென்ஸை லிப்ஸ்டிக்கோடு சேர்த்துப் பார்க்கும் வாங்குபவர்களின் மனத்தைச் சட்டம் மாற்றிவிடாது.

லென்ஸ் அடியோடு வேண்டாம் என்பது இதற்கு அர்த்தமல்ல. கருவிழி கூம்பு போலப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோயாளிகளுக்கு மூக்குக்கண்ணாடி பல சமயம் பலன் தராது. சற்றுக் கெட்டியான லென்ஸ்தான் அவர்களைப் படிக்கவும் வேலை பார்க்கவும் வைக்கிறது. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் பொருத்தும் முறை பரவாத காலத்தில், ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்துக்கொண்டவர்களுக்கும் இதுவே கைகொடுத்தது. இவர்கள் லென்ஸை மருந்து போல நடத்துகிறார்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுகிறார்கள். தினமும் புதுக் கரைசல், மூன்று மாதத்துக்கு ஒரு புது டப்பா, குளிக்கும்போதும் தூங்கும்போதும் லென்ஸ் கிடையாது, ஹோலியன்று நிச்சயம் கிடையாது. அழகுக்காக அணிபவர்களும் இவ்வளவு செய்தால் போதும்.

சாதாரண உறுத்தலுக்கும் ஆபத்துக்கும் வித்தியாசம் காண ஒரே சோதனைதான். லென்ஸைக் கழற்றியதும் வலி அடங்க வேண்டும். கழற்றிய பிறகும் வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், அன்றே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். கடைச் சொட்டு மருந்து வேண்டாம். கண்ணைக் கட்டியும் வைக்க வேண்டாம். மூடிய கதகதப்பு கிருமிக்கே சாதகம்.

இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. லென்ஸ் போட்டால் தூரத்துப் பேருந்தின் எண் தெரிகிறது, கையிலுள்ள புத்தகம் தெரிவதில்லை. நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து. கண்ணாடியை ஒழிக்கப் போட்ட லென்ஸுக்கு மேல், படிக்க ஒரு கண்ணாடி. விசேஷ நாட்களில் மட்டும் இந்தக் கூத்து. மற்ற நாட்களில் பழைய சோடாபுட்டிதான், கொஞ்சம் மெலிந்த வடிவத்தில்.

சென்ற மார்ச்சில் குர்காவ்னிலிருந்து அக்கா மகள் காலை ஏழு மணிக்குப் போன் செய்தாள். பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. லென்ஸைப் போட்டதிலிருந்து ஒரு கண் சிவந்து வலிக்கிறது. "இன்டர்வியூ முடியற வரைக்கும் பொறுத்துக்கட்டுமா சித்தி?"

உடனே கழற்றச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டு போகச் சொன்னேன். முடிந்த கையோடு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றும், லென்ஸைத் தூக்கியெறியாமல் எடுத்துப் போக வேண்டும் என்றும் சொன்னேன். விழியில் மெல்லிய கீறல், இரண்டு நாளில் ஆறிவிட்டது. கண்ணாடியைப் பற்றி நேர்முகத் தேர்வில் யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம்.